நிலாவுக்கு வைத்த பத்துக் கேள்விகள்

கருணாகரன் சாரிடம் டியூஷன் படித்துவிட்டுக் கணக்கில் தோற்றவன் இன்னும் பிறக்கவில்லை என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே கருணாகரன் சார்தான். இருந்தாலும் அதில் பாதியாவது நிஜம். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. இருபத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அங்கே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கின்றன. கணக்கு புரிய வேண்டும் என்று யாரும் அந்தப் படி ஏறுவதில்லை, பாஸாக வேண்டும் என்றுதான் ஏறுகிறார்கள். சாருக்கும் அதில் மனக்குறை கிடையாது. பரீட்சை நாளன்று பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற பிள்ளையிடம் தண்ணீர் குடித்தாயா என்றுகூடக் கேட்காமல் வினாத்தாளைப் பிடுங்குவார். எந்தக் கேள்வி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்ட மனிதருக்கு, கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து, நாற்பத்தைந்தாவது வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிலா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டவுன் சிண்ட்ரோம். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எல்லோருக்கும் இருப்பதைவிட ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது, தசையெல்லாம் கொஞ்சம் தளர்வாக இருக்கும், உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்றார். சார் அந்தப் படத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடுதலா இருக்கறதுக்கு எதுக்கு டாக்டர் மார்க்கைக் குறைக்கறாங்க?" என்று கேட்டார்.

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கிளம்பி வந்துவிட்டார்கள். ஒருத்தர் நல்லெண்ணெய் என்றார், ஒருத்தர் வசம்பு என்றார், ஒருத்தி நேராக ஷீலாவைப் பார்த்து, "நீ இத்தன வயசுக்கு மேல பெத்திருக்கவே கூடாது" என்றாள். பெற்றுப் பத்து நாளான பிறகு கிடைத்த அந்த யோசனைக்கு ஷீலா காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அவள் சாரின் மனைவி. அதிகம் பேச மாட்டாள், ஆனால் எதையும் மறக்க மாட்டாள்.

ஐந்தாவது மாதம், அடையாறில் ஒரு சிறிய பயிற்சி மையத்துக்குப் போனார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "அஞ்சு மாசக் கொழந்தைக்கு என்ன உத்தியோகம் வாங்கித் தரப் போறாங்க?" என்று சார் ஆட்டோவில் போகும்போதே முணுமுணுத்தார். மையத்தில் மஹ்விஷ் என்ற இளம்பெண் பாயில் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடறது, விளையாடறது, எட்டிப் பிடிக்கறது, இதெல்லாம்தான் சார் அவளோட வேலை. அதுக்கு உடம்பைத் தயார் பண்ணப் போறோம்" என்றாள்.

அன்றுவரை நிலாவுக்குப் பால் கொடுத்தால் பாதி கழுத்தில் வழியும். மஹ்விஷ் தாடைக்குக் கீழே ஒரு விரலை எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டினாள். துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் போட்டாள். துவண்டு விழும் இடுப்பை எங்கே பிடித்தால் தலை நிமிரும் என்று ஷீலாவின் கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்தாள். வாராவாரம் வியாழக்கிழமை பத்து மணிக்குப் பயிற்சி. ஷீலாவுக்கு அந்த நேரம் என்றால் உயிர். ஊரே குழந்தையைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு மணி நேரம்தான் ஒருத்தி குழந்தையின் விரல்களைப் பார்த்தாள். மையத்தில் இடம் கிடைக்க நாற்பது குழந்தைகள் காத்திருந்தன.

ஒன்பது மாதம் இப்படிப் போனது. நிலா தலையை நிறுத்தினாள், புரண்டாள், முன்னால் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். ஊன்றிய கையை எடுத்தால் அப்படியே மடங்குவாள். அதற்குள் மையத்தில் மறுமதிப்பீடு என்று அறிவித்தார்கள், நிலாவின் முறை மூன்று வாரம் கழித்து. மதிப்பீடு என்ற சொல் காதில் விழுந்ததும் சாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த டியூஷன் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அதே மையத்துக்கு வரும் திருவான்மியூர் ஆட்டோக்காரர் டில்லிபாபுவின் மகனுக்கு முன்னாடியே மதிப்பீடு முடிந்திருந்தது. சார் மைய வாசலில் அவரை மடக்கினார்.

"என்ன கேட்டாங்க டில்லி?"

"இன்னா கேப்பாங்க சார், கொயந்தைகிட்ட. செவப்புக் கட்டய எட்து டம்ளர்ல போடணும். துணிக்குள்ள பொம்மய மறச்சா தொறக்கணும். பொரிய ரெண்டு வெரலால எட்கணும். சாயாம உக்காந்துகினு ரெண்டு பக்கமும் எட்டணும். மொத்தம் பத்து கீது சார்."

"உங்க பையன்?"

"மூணு பண்ணான் சார். வாராவாரம் வரணும்ட்டாங்க. எல்லாம் பண்ற கொயந்த மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி வந்தா போதுமாம்."

சார் பத்தையும் டைரியில் எழுதிக்கொண்டார். மூணு மாசத்துக்கு ஒருமுறை என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அவர் அகராதியில் அது முதல் வகுப்பு.

வீட்டுக்கு வந்ததும் ஷீலாவிடம் பெருமையாகச் சொன்னார். "பேப்பர் அவுட்."

"ஏங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு ஆயிட்டா, நடுவுல யாரு சொல்லித் தருவா?" என்றாள் ஷீலா.

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க பாஸ் பண்ண வைப்பீங்க" என்றாள் அவள். சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் காலை ஐந்தரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். பாண்டி பஜாரில் அலைந்து அதே அளவு சிவப்புக் கட்டை, அதே மாதிரி எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வாங்கிவிட்டார். பதினான்கு மாதக் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டையை எடுக்கும், வாயில் வைக்கும், சார் மறுபடி கையில் கொடுப்பார். டம்ளரில் போட்டுவிட்டால் கை தட்டுவார். நிலாவுக்குக் கட்டையும் பெரிதில்லை, டம்ளரும் பெரிதில்லை. அந்தக் கைதட்டல் பிடித்துப்போயிற்று. போட்டுவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள், நாக்கு வெளியே தெரிய ஒரு சிரிப்பு சிரிப்பாள், அவளும் சேர்ந்து தட்டுவாள். சார் மயங்கிவிட்டார். ஞாயிறுதோறும் மாடல் எக்ஸாம் வேறு. ஒன்பது கேள்வி எப்படியோ தேறிவிட்டது.

பத்தாவதுதான் படுத்தியது. சாயாமல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எட்டுவது மனப்பாடத்தில் வருகிற சமாச்சாரமா? முதுகு கேட்க வேண்டுமே. எத்தனை கை தட்டினாலும் முதுகு காதில் போட்டுக்கொள்ளவில்லை. சார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, குழந்தைக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்து வந்தார். புசுபுசுவென்று விரிகிற பாவாடை. டியூஷன் டெஸ்ட்டில் பிள்ளைகளின் சட்டைக் காலரைத் தடவித் தடவி பிட்டு பிடித்த கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர், மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, முட்டியைப் பாவாடைக்குள் அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்துப் பழகினார். மனசாட்சி கேட்டதற்கு, கருணை மதிப்பெண் என்று பதில் சொல்லிவிட்டார்.

மதிப்பீட்டு நாளன்று மையத்தின் தலைவி சுலோச்சனா மேடம் எதிரே உட்கார்ந்தார். மஹ்விஷ் பக்கத்தில் குறிப்பெழுத உட்கார்ந்து, பட்டுப் பாவாடையைப் பார்த்துப் புருவம் தூக்கினாள். நிலா கட்டையை எடுத்து டம்ளரில் போட்டாள். துணியை விலக்கினாள். பொரியை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கழுத்தைத் திருப்பி அப்பாவைத் தேடினாள், சார் பின்னாலிருந்து மெல்லக் கை தட்டினார். பத்தாவதிலும் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பந்தை எட்டிப் பிடித்தாள்.

"போன வியாழக்கிழமைகூட கை ஊனிதான் மேடம் உக்காந்தா" என்றாள் மஹ்விஷ்.

"சில குழந்தைங்க திடீர்னு பிடிச்சுப்பாங்கம்மா" என்றார் மேடம். பத்துக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். இந்த வியாழக்கிழமை நேரத்தை வேற குழந்தைக்குக் குடுத்துடலாம்."

ஷீலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மஹ்விஷைப் பார்த்தாள். ரயில் கிளம்பிய பிறகு பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சாருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பத்துக்குப் பத்து. காகிதத்தை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தார்.

அவர் எழுந்தால் முட்டியும் எழுந்துவிடும் இல்லையா? நிலா பின்பக்கமாகத் தொப்பென்று பாயில் சாய்ந்தாள். அடி ஒன்றும் இல்லை, மெத்தென்ற பாய்தான். அவள் அழவில்லை. மல்லாந்தபடியே மேலே அப்பா முகத்தைத் தேடிப் பிடித்து, சிரித்து, கை தட்டினாள்.

கருணாகரன் சாருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. விழுவதும் ஒரு கேள்வி என்று நினைத்துவிட்டாள் குழந்தை. அதையும் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்து அவரிடம் மார்க் கேட்கிறாள்.

"முட்டி என்னோடது மேடம்" என்றார். "டம்ளர், கட்டை எல்லாம் வீட்லயும் இருக்கு. மூணு வாரமா உருப்போட வெச்சேன்."

மேடத்துக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? "அவளுக்கு எங்க உதவி வேணும்னு தெரிஞ்சுக்கத்தான் சார் இதை வெக்கறோம். நீங்க அதை மறைச்சுட்டீங்க."

"மார்க்கைக் குறைச்சுப் போடுங்க மேடம். தயவுசெஞ்சு குறைச்சுப் போடுங்க. இவ பாஸ் பண்ணல. வியாழக்கிழமைய மட்டும் எடுத்துடாதீங்க." இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மறுகூட்டல் போட்டு மார்க்கை ஏற்றியவர், இறக்கச் சொல்லிக் கெஞ்சியது அன்றுதான்.

மறுபடி நடத்தினார்கள். பாவாடையைக் கழற்றிச் சாதாரண ஜட்டியோடு உட்கார வைத்தார்கள். கட்டை பச்சை, டம்ளருக்குப் பதில் ஒரு டப்பா. சாரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். நிலா பச்சைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அறை முழுக்க அவரைத் தேடினாள். தட்ட யாரும் இல்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, பக்கத்தில் கிடந்த கரண்டியைத் தானாக எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனாள். அது யாரும் உருப்போட வைத்ததில்லை. யாருக்காகவும் செய்ததும் இல்லை. கருணாகரன் சார் கதவுக்கு வெளியே நின்று அழுதார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் இப்படி அழுவதைப் பார்த்து டில்லிபாபு நகர்ந்து நின்றுகொண்டார்.

பத்துக்கு நான்கு. ஷீலா அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாராவாரம், வியாழன், பத்து மணி என்று மேடம் எழுதியிருந்தார்.

சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு மஹ்விஷிடம் வந்தார். "அடுத்த வாரம் நான் எங்கம்மா உக்காரணும்?"

மஹ்விஷ் நிலாவின் கையை எடுத்து அவள் முன்னால் ஊன்றி வைத்தாள். "எதிர்ல உக்காருங்க சார். கொஞ்சம் தள்ளி."