விக்கிரவாண்டி தாண்டி ஆறு நிமிஷம்

இது சத்தியமாக நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மண்டை காய்கிற மே மாத வெயிலில். பூவரசனுக்கு முறிந்த இரண்டு விலா எலும்புகளின் எக்ஸ்ரே இன்னும் அவன் வீட்டு பீரோவில் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பூவரசன் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. வீரன் என்று சொல்ல முடியாது. பாத்ரூமில் பல்லி இருந்தால், அது குளித்து முடிக்கும்வரை வெளியே காத்திருக்கிற ஆள். பதினாலு வருஷம் ஓட்டிய பழைய காரில் ஏசிக்கு ஒரு திருகு, ஜன்னலுக்கு ஒரு கைப்பிடி. பார்க்காமலே கை போகும். போன சித்திரையில் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினான். அதில் பட்டனே கிடையாது. ஏசி, சீட்டு, ஜன்னல், கதவுப் பூட்டு எல்லாம் நடுவில் டிவி மாதிரி நிற்கிற திரையில்தான்.

“இன்னாங்க, காத்து வாங்கணும்னாக்கூட இதுகிட்ட மனு குடுக்கணுமா?” என்று அவன் மனைவி அம்சா கேலி செய்தாள்.

ஸ்டார்ட் செய்தால் ‘வணக்கம் சுப்பராயலு’ என்று எழுத்து வரும். அவர் பழைய ஓனர். விக்கிரவாண்டி டோல் பக்கத்தில் செத்து மூணு மாசம். பெயரை அழித்துவிடலாம் என்றான் மெக்கானிக் ஆரோக்கியராஜ். பூவரசனுக்கு மனசு வரவில்லை.

“கருமாதி முடிஞ்சதும் போட்டோவைக் கழட்டிடுவாங்களா? இருந்துட்டுப் போவட்டும் பாவம்.”

அன்று விழுப்புரத்தில் ஒரு காதுகுத்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் ஐந்து வயது மகள் கலைமதி. மணி 1:52. விக்கிரவாண்டி டோலைத் தாண்டியாச்சு. வேகம் எண்பது.

டக்.

திரையில் ‘வணக்கம் சுப்பராயலு’. ஓடுகிற வண்டியில் எதற்கு வணக்கம்?

“நீ தொட்டியா அம்சா?”

“நான் முறுக்கு தின்னுக்கினு இருக்கேன்.”

டக்… டக்… விரலால் தட்டுகிற சத்தம். திரையில் ஈரமான விரல் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பூவரசனின் சீட்டு மெதுவாக முன்னால் நகர்ந்தது. சுப்பராயலு குள்ளம் போல என்று நினைத்துச் சிரித்தான். அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

1:54. பின் ஜன்னல் தானாக இறங்கியது. அனல் காற்று உள்ளே அறைந்தது.

“கலை, கைய உள்ள வை!”

அதற்குள் கண்ணாடி ஏறியது. குழந்தை அலறினாள். முழங்கைவரை கை வெளியே. கண்ணாடி இறுக்கிக்கொண்டே இருந்தது.

பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினான். கதவு திறக்கவில்லை. சீட்டு நிற்கவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் ஏறியது.

அம்சா திரையைக் குத்தினாள். வியர்த்த விரல். திரைக்கு அது உறைக்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி குத்தினாள். ‘ஜன்னலை இறக்கவா? ஆம், இல்லை.’

ஆம் என்று அழுத்தினாள்.

டக்… ‘இல்லை’ எரிந்தது.

ஆம்.

டக்… இல்லை.

மளுக். பூவரசனின் விலா.

மூச்சு வரவில்லை. கையால் துழாவினான். சீட்டுக்கடியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி.

ஓங்கிக் குத்தினான். திரை வெடித்தது. சில்லு உள்ளங்கையில் ஏறியது. ரத்தம் வழிகிற திரையில் இன்னும்… டக்… டக்…

இரண்டாவது குத்து.

மூன்றாவது.

இருண்டது. சீட்டு நின்றது.

அம்சா கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். கண்ணாடியின் மூலையில் ஒரே அடி. பொலபொலவென்று கொட்டியது. மகளை வாரி எடுத்தாள்.

மணி 1:58.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முழங்கையில நசுங்குனது கண்ணாடிதான். ஆனா மணிக்கட்டு ஏன் பிசகியிருக்கு? யாரு புடிச்சு இழுத்தீங்க?”

“நாங்க அங்க தொடவே இல்லீங்க.”

டாக்டரம்மா காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து நீலத் தடங்கள். விரல்கள்.

பூவரசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் குனிந்தான்.

“ஏம்மா… கண்ணாடி ஏறும்போது கைய உள்ள இழுத்துக்கலாமில்ல?”

“இழுத்தேம்பா. அவரு விடல.”

“யாரு? வண்டிக்குள்ளயா இருந்தாரு?”

கலைமதி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“வெளிய. டோல்லேர்ந்து நம்ம கூடவே ஓடிக்கினு வந்தாரு.”