செக்கிங் ஏறுமுன் விற்ற வீடு

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு 'சில்லறை' என்று பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் அந்தப் பெயர் இறங்கவில்லை. மருந்துக்கடை வரிசையில் நின்றால்கூடப் பின்னாலிருந்து யாராவது, "சில்லறை இல்லாதவங்க இறங்கிக்கோங்க!" என்று அவர் குரலிலேயே கத்துவார்கள். அவரும் திரும்பிப் பார்க்காமல், "படியில தொங்காத, உள்ள போ! உள்ள என்ன புலியா உட்கார்ந்திருக்கு?" என்று பதில் கொடுப்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். சட்டைப்பையில் பழைய விசில் இன்னும் இருந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம்.

சர்வீஸில் அவர் பயந்தது ஒரே ஒருவருக்குத்தான். செக்கிங் இன்ஸ்பெக்டர். எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு நிறுத்தம் வருவதற்கு முன்பும் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழித்துவிட வேண்டும். ஒரு தடவை, அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எழுப்ப மனசு வராமல் விட்டுவிட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே செக்கிங் ஏறியது. மூன்று மாதம் வேலை இல்லை. அந்த மூன்று மாதமும் குடும்பத்தை ஓட்டியது மனைவியின் தையல் மெஷின்தான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேதம்: எதுவானாலும் செக்கிங் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடு.

மறு வருஷம் வீடு வாங்கினார்கள். பாதி அவர் கடன், பாதி மனைவி தைத்துச் சேர்த்தது. பத்திரம் மட்டும் அவர் பெயரில். அப்போது அது ஊர்க்கோடி, கடைசி பஸ் திரும்புகிற இடம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சேர்த்துக் கட்டிய குளியலறை. முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின். ஜன்னலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். காலையில் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் ஜன்னல் கம்பி வழியாகவே பேன்ட்டை நீட்டி, "அக்கா, அடி மடிச்சுத் தைக்கணும்" என்பார்கள். சாயங்காலம் இறங்கி வாங்கிக்கொள்வார்கள். கதவைத் தட்டிய வாடிக்கையாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

ஊர் வளர்ந்து வளர்ந்து அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு பக்கமும் பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள். இரண்டையும் கட்டியவர் ஒரே ஆள்தான். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார் என்பதால் தெருவில் அவர் பெயர் 'கோட்டு'. நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி இருந்த இந்த வீட்டை அவர் இரண்டு தடவை விலைக்குக் கேட்டிருந்தார். இரண்டு தடவையும் மனைவி ஜன்னல் வழியாகவே பதில் சொல்லி அனுப்பினாள்: "பேன்ட் இருந்தா குடுங்க சார், தைச்சுத் தர்றேன். வேற எதுவும் இங்க கிடையாது."

அப்போதுதான் அரசாங்கம் சொத்துவரிச் சட்டம் கொண்டுவரப் போவதாகச் சொன்னது. நகராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரி வேறு. இது சம்பளத்துக்கும் இல்லை, மொத்தமாக என்ன வைத்திருக்கிறாயோ அதற்கு, வருஷா வருஷம். டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. "கட்டட்டுமே, கொழுத்தவன்தானே" என்று பாதி. "இன்னைக்கு அவன், நாளைக்கு நீ" என்று பாதி. சில்லறை இரண்டு பக்கத்துக்கும் குரல் கொடுத்து நடித்துக் காட்டினார். வரி அதிகாரியாக மூக்கால் பேசினார்: "உன் வீட்டுக் கொடிக்கயிறு எத்தனை அடி? ஆங்? அதுக்கும் போடு!"

அந்தச் சிரிப்பில் கோட்டும் நின்றிருந்தார். கட்டட முதலாளிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"ஐயா, எங்கள மாதிரி ஆளுங்க வரி வேணாம்னு பேசினா ஊரே சிரிக்கும். நீங்க பேசுங்க. உங்களுக்கும் வீடு இருக்கில்ல?"

"இருக்கு சார். மழை பெஞ்சா உள்ளயும் பெய்யும். அதுக்கும் வரியா?"

"இதத்தான்! இத அப்படியே மேடையில சொல்லுங்க."

பழைய காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, பின்னால் வீடு. அப்படி அவரைப் படமெடுத்து ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்கள். 'இவர் வீட்டுக்குமா வரி?' ஒன்றை அவர் வீட்டு மதிலிலேயே ஒட்டினார்கள். மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

"முப்பத்தொரு வருஷம் இந்தச் சட்டையத் துவைச்சிருக்கேன். இவ்வளவு வெளுப்பா இருந்ததே இல்ல."

மகள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ட்யூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்தச் சட்டத்தப் படிச்சீங்களா? நம்ம வீடு மாதிரி நாப்பது வீடு வச்சிருக்கிறவங்ககிட்டதான் முதல் பைசாவே கேப்பாங்க. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இன்னைக்கு நாப்பது. அப்புறம் இருபது. அப்புறம் ஒண்ணு. டிக்கெட் விலை எப்பவாவது இறங்கிப் பார்த்திருக்கியா நீ?"

"என் வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்கப்பா. யார்கிட்டயாவது வாங்கித்தானே ஆகணும்?"

"வாங்கட்டும். வருமானத்துல வாங்கட்டும். சும்மா நிக்கிற சுவரக் காட்டிப் பணம் குடுன்னா, சுவரக் கிள்ளியா குடுக்க முடியும்?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "கேள்வி நியாயந்தான். ஆனா அத உங்ககிட்ட யாரும் கேக்கப் போறதே இல்லையேப்பா."

"ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க" என்றாள் மனைவி. "இங்க இருக்கிற சொத்துக்கு ஒட்டடைதான் வரும், வரி வராது."

பதினான்கு கூட்டம் பேசினார். முதல் மூன்று கூட்டத்தில் நடித்தார். 'பென்ஷன்ல மருந்து வாங்குவேனா, வரி கட்டுவேனா?' என்கிற இடத்தில் தொண்டையைத் தழுதழுக்க வைப்பார், கைத்தட்டல் வரும். ஏழாவது கூட்டத்தில் தொண்டை தானாகவே தழுதழுத்தது. பத்தாவது கூட்டத்துக்குப் பிறகு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். அத்தனை கூட்டத்திலும் அத்தனை பேரையும் பயமுறுத்திய குரலை மிக அருகிலிருந்து கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இருபதாம் தேதி சட்டசபையில் வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். சில்லறைக்கு அது தேதியாகத் தெரியவில்லை, நிறுத்தமாகத் தெரிந்தது. அங்கே செக்கிங் ஏறப்போகிறது. பதினாறாம் தேதி காலையில் கோட்டின் ஆபீஸுக்குப் போனார். கண்ணாடி மேஜை. கால் விறைக்கிற அளவுக்கு ஏசி.

"சார், தேதி வந்துருச்சே. நான் என்ன பண்றது?"

கோட்டு பேனாவை மூடி, திறந்து, மூடினார்.

"நீங்களா கேட்டதால சொல்றேன், ஐயா. நான் வாங்கிக்கிறேன். எனக்கு வரி கட்டத் தெம்பு இருக்கு, உங்களுக்கு இல்ல. ஆனா ஒண்ணு, இப்ப இருக்கிற நிலைமையில பாதி விலைதான் தர முடியும். வரி வந்தா அதுக்கும் ஆள் இருக்காது."

சில்லறை எழுந்து நின்று கும்பிட்டார். பதினெட்டாம் தேதி பத்திரம் பதிவாகியது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள், தடுத்தால் நிறுத்தம் வந்துவிடும். முடித்துவிட்டுத்தான் சொன்னார், அதுவும் ஒரு சாதனை மாதிரி.

மனைவி மெஷினை நிறுத்தினாள். ஊசியடியில் யாருடைய பேன்ட்டோ பாதி மடிப்பில் இருந்தது.

"வரி வந்தா அழிஞ்சிடுவோம்னு உங்கள மேடையில அழ வச்சவன்தானே அவன்?"

"ஆமா."

"அப்படி அழ வச்சவன் வரி வர்ற சொத்த எதுக்குங்க வாங்குறான்?"

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

இருபதாம் தேதி சட்டம் மூன்று ஓட்டில் தோற்றது. சங்க ஆபீஸில் கைத்தட்டி அவரைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். "ஐயாவோட முகந்தான் ஜெயிச்சது!" என்றார் கோட்டு. கூட்டம் கலைகிற வரை சில்லறை ஓரமாக நின்றார். பிறகு கிட்டே போனார்.

"சார், வரிதான் வரலியே. பணத்த அப்படியே வச்சிருக்கேன், ஒரு பைசா தொடல. வீட்டத் திருப்பிக் குடுத்துடுங்க."

கோட்டு கோபப்படவில்லை. அன்பாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கிழிச்ச டிக்கெட்ட நீங்க எப்பவாவது திருப்பி வாங்கியிருக்கீங்களா?"

கிடைத்த பணத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குளியலறைகூட வாங்க முடியாது. இரண்டு தெரு தள்ளி நான்காவது மாடியில் வாடகைக்குப் போனார்கள். லிஃப்ட் கிடையாது. மெஷினை ஜன்னலோரம்தான் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய்கள்தான். பேன்ட் மடிக்க யார் நான்கு மாடி ஏறுவார்கள்? முதல் மாதம் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த மாதம் ஒருவர். மூன்றாவது மாதம் மனைவி மெஷினுக்கு உறை தைத்துப் போட்டாள். அந்த மெஷின் கடைசியாகத் தைத்தது அதைத்தான். மகள் வாடகைக்காகக் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவருக்கு மெமோ.

மருந்துக்கடை வரிசையில் யாரோ பின்னாலிருந்து, "சில்லறை இல்லாதவங்க..." என்று ஆரம்பித்தார்கள். அவர் பதில் கொடுக்கவில்லை. கத்தியவர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

இடிக்கிற அன்று காலை மனைவிதான் கூப்பிட்டாள். "வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்." இருவரும் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். மதிலில் போஸ்டர் இன்னும் இருந்தது. மழையில் ஒரு கண் கரைந்து போயிருந்தது. மஞ்சள் இயந்திரம் கையைத் தூக்கியது. முன்னறை ஜன்னலுக்கு நேராக.

சில்லறை விசிலை எடுத்து வாயில் வைத்தது அவருக்கே தெரியாது. ஒரே விசில். நீளமாக.

இயந்திரம் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான். மேஸ்திரி நாலா பக்கமும் திரும்பினார். "யாருய்யா அது விசில் அடிச்சது? யாரு நிறுத்தச் சொன்னது?" நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னாள், மெதுவாகத்தான்:

"அவங்க நின்னுட்டு இருக்காங்க பாருங்க. அந்த ரெண்டு விசிலையும் நீங்களே அடிச்சு விட்டுடுங்க."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அதற்குள் மேஸ்திரி, போகலாம் என்று கையை ஆட்டிவிட்டார்.