கையைப் பின்னால் கட்டியவர்

அவனியாபுரத்தில் ஒரு பழைய லாரிப் பட்டறைக்குள் நவீனக் கலைக் கண்காட்சி. காது கேளாத எட்டுப் பேருக்குச் சைகையில் சுற்றிக் காட்டியவருக்கும் காது கேட்காது. கட்டம் போட்ட சட்டை, தடித்த மீசை. எல்லாரும் தன் கையைப் பார்க்க வேண்டுமென்று பின்பக்கமாகவே நடந்தார், எதிலும் இடிக்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் விளக்கி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பேசியாச்சு, இனி அதைப் பாருங்கள் என்று அர்த்தம். உடனே எட்டுத் தலையும் படத்தின் பக்கம் திரும்பும்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். 'சந்தை இரைச்சல்' என்று பெயர் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வராததுதான் கலை என்று முடிவுகட்டி, பக்கத்திலிருந்த பார்வையாளர் நோட்டில் 'இந்த மௌனம் என்னை உலுக்கிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது அவர் கூட்டத்தோடு வந்து பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். அதிர்வில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், தரையில் கிடந்த பிளக்கை எடுத்து மாட்டினார். உள்ளேயிருந்து மாட்டுச் சந்தையே கத்தியது. எட்டுப் பேரும் பெட்டியில் கைவைத்துச் சிரித்தார்கள்.

அவர் நோட்டைப் படித்தார். பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. செல்போனில் தட்டி நீட்டினார்: "எம்புட்டு நேரமாண்ணே நின்னீங்க?"

பத்து விரலையும் விரித்தேன். குறைத்துத்தான் சொன்னேன்.

அதை அவர் கூட்டத்துக்குச் சைகையில் விளக்கினார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எட்டுப் பேரும் என்னை நிதானமாகப் பார்த்தார்கள். வேறு எதையும் அவர்கள் அம்புட்டு நேரம் பார்க்கவில்லை.