பூந்தமல்லி சந்தையில் கேட்ட குழல்

யுத்தத்தில் ரங்கூன் விழுந்தபின், அங்கே வேலைக்குப் போயிருந்த என் மகனிடமிருந்து கடிதமே இல்லை.

ஒருநாள் பூந்தமல்லி சந்தையில், பர்மாவிலிருந்து நடந்தே வந்த நாகூர் முஸ்லிம் ஒருவர் குழல் ஊதிக்கொண்டிருந்தார். அது என் மகனுடைய குழல். அதன் விரிசலில் செம்புக்கம்பி சுற்றியவனே நான்தான். பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன்.

“எவன் பொணத்துலேர்ந்துடா உருவிக்கினு வந்தே?”

அவர் முகம் மலர்ந்தது. “ஐயா, நீங்கதானா! புள்ள கல்கத்தா ஆஸ்பத்திரியில உசுரோட இருக்காரு. காய்ச்சல்ல விலாசம் நெனவுக்கு வரல. ‘பூந்தமல்லி சந்தையில இதை ஊது. திருடன்னு சட்டையைப் பிடிக்கிறவருதான் எங்கப்பா’ன்னாரு.”

பிடித்த கையை எடுக்கத் தோன்றவில்லை. யாரையும் நம்பாதவன் என்று ஊரே என்னை ஏசும். என் மகன் அதைத்தான் நம்பியிருக்கிறான்.