தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுக்கச் சிங்கப்பூர் போன பத்து நாட்கள்

போன மார்ச்சில் பத்து நாள் சிங்கப்பூரில் இருந்தேன். ஊர் சுற்ற அல்ல. ஆங் மோ கியோவில் குடியிருக்கும் என் தம்பி செந்திலுக்கு ரத்தப் புற்றுநோய். என் ஸ்டெம் செல் அவனுக்குப் பொருந்தும் என்று சென்னையில் செய்த சோதனை சொன்னது. சென்னை மருத்துவர்களும் சிங்கப்பூர் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் ஆய்வில் நாங்களும் இருந்ததால், எனக்கு முன்பே என் அறிக்கைகள் அங்கே போய்விட்டன. இதே காரியத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து நாலு மணி நேரம். வியாழன் காலை ஏழரைக்கு இறங்கினேன். மருத்துவமனைக் கடிதம் கையில் இருந்ததால் குடிநுழைவில் இரண்டே கேள்விகள். ரயிலில் ஒரு மணி நேரம், இரண்டு வெள்ளி சொச்சம் (அங்கே டாலரை வெள்ளி என்பார்கள்). மருத்துவமனைக்குப் பக்கம் என்று ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினேன். நாளுக்குத் தொண்ணூறு வெள்ளி. அறை எங்கள் வீட்டுப் பூஜை அறை அளவுதான். ஆனால் பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா, சுடச்சுட இட்லி.

வெள்ளிக்கிழமை முதல் தினமும் காலையில் ஓர் ஊசி. எலும்புக்குள் இருக்கும் செல்களை அது ரத்தத்துக்கு வரவைக்கும். ஞாயிற்றுக்கிழமை இடுப்பெலும்புக்கே பல்வலி வந்த மாதிரி இருந்தது. அதற்குள் செந்திலின் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்திருந்தார்கள். இனி என் செல் போகாவிட்டால் அவன் பிழைக்க வழியில்லை.

ஐந்தாம் நாள் செவ்வாய், செல் எடுக்கும் நாள். நான்தான் பெரிய பக்தை ஆயிற்றே! செல் எடுத்து முடியும்வரை பச்சைத் தண்ணீரும் கூடாது என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். 'நன்றாகச் சாப்பிட்டு வரவும்' என்று மருத்துவமனை கொடுத்த தாளில் இருந்ததைப் படிக்காமல் இல்லை.

ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் உதடு மரத்தது, கண் இருட்டியது. தாதி பிரேமா, சிங்கப்பூர்ப் பெண், ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார்.

“அக்கா, காலையில என்ன சாப்ட்டீங்க?”

“விரதம்மா. தம்பிக்காக.”

“ஐயோ, என்னக்கா நீங்க! தம்பிக்காகன்னா சாப்டணும்லா!”

கால்சியம் மருந்தும் சூடான மைலோ பானமும் ரொட்டியும் கொடுத்து, நாற்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓட்டினார். மாலையில் எடுத்த செல்களை எண்ணிப் பார்த்தார்கள். போதவில்லை.

“விரதத்தால இல்லக்கா. சில பேருக்கு ரெண்டு நாள் ஆகும்,” என்றார். நான் நம்பவில்லை. அவன் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று அறைக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

புதன் காலை ஆறரைக்கு இட்லிக் கடையில் உட்கார்ந்தேன். நான்கு இட்லி, பொங்கல், காபி. ஒவ்வொரு வாயாக விழுங்கினேன். ‘முருகா, விரதத்தை முறித்த கோபத்தை என்னிடம் காட்டு, அவனிடம் வேண்டாம்.’

“இன்னொரு வடை வைக்கவா அக்கா?” என்றார் கடைக்காரர்.

“ரெண்டா வைங்க.”

மதியம் ஒன்றரைக்குப் பிரேமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்று மாலையே செந்திலுக்கு ஏற்றினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு படுத்திருந்தவன், கையை மட்டும் அசைத்தான்.

ஆய்வுக்காக என் ரத்தத்தில் இரண்டு சின்னக் குழாய்கள் எடுத்தார்கள். ஒன்று இங்கே, ஒன்று சென்னைக்கு. இதனால் உங்கள் தம்பிக்குப் பயன் இருக்காது என்று படிவத்திலேயே போட்டிருந்தது. முன்பு யாரோ இப்படிக் கொடுத்ததால்தானே இவனுக்கு மருந்து வந்தது என்று கையெழுத்துப் போட்டேன்.

போகிறவர்களுக்கு: மருத்துவமனைக் கடிதத்தின் நகல்கள் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி எடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வசதி. வேண்டுதல் எதுவானாலும் ஊர் திரும்பிய பிறகு.

ஏற்றிய பதினாறாம் நாள், நான் திருச்சியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது செந்தில் கூப்பிட்டான். மூன்று வாரமாகச் சோற்றைக் கண்டாலே குமட்டியவன். ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன என்றான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான்:

“அக்கா, பசிக்குது.”