நோட்டீஸ் வரிசைப்படி

எழுதி என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. என் எழுத்து முதன்முதலாக அச்சில் வந்த வாரத்தில் ஒருவருக்குக் கை ஒடிந்தது. இன்னொருவருக்கு விரல்கள் நசுங்கின. மூன்றாவது ஆளுக்குத் தாடை பெயர்ந்தது. அவ்வளவு வேகமாக வேலை செய்த எதையும் அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

காவியம் ஒன்றுமில்லை. ரோஸ் நிறக் காகிதத்தில் அரைத்தாள் நோட்டீஸ்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பாதி. கோயமுத்தூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் இருந்தேன். எங்கள் மேஸ்திரி வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடப்பதை ஒருநாள் நடந்து காட்டினேன். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். திரும்பினால் மேஸ்திரி. முதுகில் நாலு சாத்து, கையில் கணக்குத் தீர்த்த சீட்டு. அன்றைக்கே தொழிலாளர் சங்கத்தில் முழுநேர ஊழியனானேன். வேறு யாரும் என்னைச் சேர்க்கவில்லை என்பதுதான் காரணம்.

சங்கம் என்றால் பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்று. அதில் இரண்டு பெஞ்சு, ஒரு பத்திரிகை, கிழிந்த ஜமக்காளம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அதன் முன்வாசலில் கூட்டம் போடுவோம். பேச்சு உண்டு, பயாஸ்கோப்பு உண்டு, கடைசியில் நாடகமோ பாட்டோ ஏதாவது உண்டு. பேச்சுக்கு வராதவன் படத்துக்கு வருவான், படத்துக்கு வந்தவன் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது எங்கள் தந்திரம். கையெழுத்து நன்றாக இருந்ததால் நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு வந்தது.

நோட்டீசில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் பேர் போடக்கூடாது. ஊர்ப்பேர், தகப்பனார் பேரோடு போடவேண்டும். பேர் அச்சில் வந்துவிட்டால் அந்த ஆள் சம்மதித்துவிட்டார் என்று ஜில்லா முழுக்க நம்பும். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று இரண்டு பேர் சங்கத்தை விட்டே போயிருக்கிறார்கள்.

நான் எழுதிய முதல் நோட்டீஸ் இப்படி இருந்தது. முதலில் தலைமை: எங்கள் தலைவர், பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோரூமில் வேலை செய்து தொண்டையெல்லாம் பஞ்சு ஏறிய மனிதர். இரண்டாவது, பயாஸ்கோப்பு: மாதா கோயில் தெருக்காரர் ஒருவர். கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று வைத்திருந்தார். குண்டு வெள்ளைக்காரன் ஒருவன் திரும்பத் திரும்ப வழுக்கி விழுகிற சுருளைத்தான் எங்கள் ஜனம் திரும்பத் திரும்பக் கேட்கும். மூன்றாவது, சொற்பொழிவு: நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்யும், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற பெண், ‘ஆலையில் பெண்கள் படும் பாடு’. நான்காவது, ஹாஸ்யம். அது அடியேன். என் பேரைத் தலைவர் பேரைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டேன். அச்சாபீசுக்குப் போனவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் திங்கட்கிழமையே மாட்டுவண்டியில் மேளத்தோடு போய் சிங்காநல்லூர் வரைக்கும் நோட்டீசை வீசினோம்.

புதன்கிழமை, தலைவர் சைக்கிளில் குளக்கரை மேல் வரும்போது மேஸ்திரியும் ஐந்து பேரும் மறித்தார்கள். மேஸ்திரி மில்லுக்குள் வேலை வாங்குவான். மில்லுக்கு வெளியே ஆளை அடிப்பான். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான். சைக்கிள் பம்பாலேயே அடித்தார்கள். பம்பு வளைந்த பிறகு இரும்புக் கம்பி. இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ‘சைக்கிளில் இருந்து தவறி விழுந்தார்’ என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விடியற்காலை, உக்கடத்தில் பயாஸ்கோப்புக்காரரைப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் அவரே எனக்குச் சொன்னார்.

“அந்த மேஸ்திரி ரொம்ப மரியாதையாத்தானுங்க பேசுனான். ‘ஏனுங்க, மெசினை எந்தக் கையில சுத்துவீங்க?’ன்னான். சோத்துக் கையைக் காட்டுனேன். ‘கொஞ்சம் இப்படிக் கல்லு மேல வெய்யுங்க’ன்னான்.”

“நீங்க வெச்சீங்களா?”

“நாலு பேரு புடிச்சு வெச்சானுங்க.”

கையில் கட்டுப் போட்டிருந்த இடத்தில் விரல்கள் எத்தனை மிச்சம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“இன்னொண்ணு,” என்றார். “அவன்கிட்ட உங்க நோட்டீசு இருந்துச்சுங்க. அவனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தாளு படிக்கப் படிக்க இவன் பென்சில்ல கோடு போட்டான். என் வரியில கோட்டைப் போட்டுப்போட்டு, ‘அடுத்தது அந்த ரீலிங்குப் பொம்பளைங்களா? செரி, சனிக்கெழம’ன்னுட்டுப் போனான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்று மில்காரர்கள் அலையவே வேண்டாம். ஊர்ப்பேர், தகப்பனார் பேரோடு வரிசை போட்டு, ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, மேளம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மனசில் முதலில் வந்தது அக்காவின் முகம் அல்ல. ‘நல்லவேளை, நான் நாலாவது’ என்பதுதான் வந்தது.

அங்கிருந்து அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். தோட்டத்துச் சாளைக் குடிசைகளுக்கு நடுவில் இருந்தது. உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். அவள் தங்கையும் ரீலிங்கில்தான் இருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். மெஷின் மேல் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணசந்தவளை அதே மேஸ்திரி வயிற்றில் உதைத்தான். பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. எட்டாம் நாள் அவளும் போனாள். காய்ச்சல் என்று மில் ஆபீசில் எழுதிவிட்டார்கள். உதைத்ததை நாற்பது பெண்கள் பார்த்தார்கள், வெளியே சொல்ல ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

“அக்கா, இந்த மாசம் பேச்சு வேண்டாமுங்க. அடுத்தது உங்களத்தான் தேடுறானுங்க,” என்றேன்.

உலக்கை நிற்கவில்லை. “பேரைப் போட்டது நீங்கதானுங்களே தம்பி. ரீலிங்குல அத்தனை பேருக்கும் காட்டிப்போட்டேன்.”

“உசுரு போயிருமுங்க.”

“என்ற தங்கச்சிக்குப் போனது மட்டும் என்னவாம்?” உலக்கையை நிறுத்திக்கொண்டாள். “நான் என்ன பெருசா பிரசங்கமா பண்ணப் போறேன்? மாசாமாசம் அந்த மேஸ்திரி நம்ம கூட்டத்துல ஓரமா வந்து நின்னு, யாரு யாரு வந்திருக்கான்னு பாத்துட்டுப் போறானல்ல? அவனைப் பாத்து அத்தனை சனத்துக்கு முன்னால ஒரே கேள்வி கேக்கோணும். ஒதைச்சயா, இல்லையா? அவன் வாயால அவன் சொல்லோணும். காய்ச்சல்னு எழுதுனது பொய்யின்னு ஊரு கேக்கோணும். அதுக்கப்பறம் என்னை என்ன வேணாலும் பண்ணிக்கட்டும்.”

“அதுவரைக்கும் விடமாட்டானுங்களே.”

“ஞாயித்துக்கெழம நாலு மணி வரைக்கும் என்னை உசுரோட வெக்கறது நோட்டீசு போட்டவங்க பாடுங்க,” என்று சொல்லிவிட்டு மறுபடி குத்த ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேராக அச்சாபீசுக்கு நடந்தேன். வழியில்தான் யோசனை உதித்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த கேலி அதுதான் என்று அப்போது நினைத்தேன். தனியாகச் சிரித்துக்கொண்டே போன என்னைப் பார்த்து ஒரு குதிரைவண்டிக்காரர் வண்டியை ஓரமாக ஒதுக்கினார்.

‘திருத்தப்பட்ட நிகழ்ச்சி நிரல்’ என்று புது நோட்டீஸ் எழுதினேன். முதல் வரியில் மேஸ்திரியின் பேர், ஊர்ப்பேர் தகப்பனார் பேரோடு. எதிரே, சிறப்புச் சொற்பொழிவு: ‘மானேஜர் சொல்லி நான் செய்தவை’.

அச்சாபீஸ்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இவரு ஒத்துக்கிட்டாருங்களா?”

“ஒத்துக்காம பேரு போடுவமுங்களா?”

“அதுவுஞ் செரிதான்,” என்று எழுத்துக் கோக்க உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக் காலை ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் இறைத்தோம். ஒன்றை மானேஜர் காருக்குள்ளேயே போட்டேன். மானேஜர் சந்தேகப்படவே இல்லை. ஒத்துக்கொள்ளாத ஆளின் பேரை யார் போடப் போகிறார்கள்?

மத்தியானம் மேஸ்திரியைப் பாய்லர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனது அவனோடு குளக்கரைக்கு வந்த அதே ஐந்து பேர். அவன் சத்தியம் செய்தானாம். பெற்ற பிள்ளைகள் மேல் செய்தானாம். எவனும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிற ஆளை என்ன செய்தால் பேசமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலக்கரி தள்ளுகிற மண்வெட்டியால் வாயிலேயே போட்டார்கள். மெஷின் சத்தத்தையும் மீறி ஸ்பின்னிங் வரைக்கும் அலறல் கேட்டதாம்.

சாயங்காலம் சேதி வந்தபோது நான் சிரித்தேன். கிட்டங்கியில் இருந்த எல்லாருமே சிரித்தோம். ஒருவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் சாப்பிட்டேன். சனிக்கிழமை அக்காவைத் தேடி யாரும் வரவில்லை. என்னையும் தேடி வரவில்லை, ஆனாலும் முன்ஜாக்கிரதையாக அன்று முழுவதும் ஜமக்காளத்துக்கு அடியில் படுத்திருந்தேன். தும்மல் தாங்க முடியாமல் மூன்று தடவை வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முன்வாசல் கொள்ளாத கூட்டம். தலைவர் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா மேடையேறி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு குதிரைவண்டி வந்து நின்றது.

முதலில் ஒரு பெண் இறங்கினாள். அப்புறம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி இறங்கினான். தலையையும் தாடையையும் கழுத்தையும் சேர்த்து வேட்டித் துணியால் சுற்றியிருந்தது. மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. துணியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அவன் சம்சாரம் என்னை விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். “மில்லுல குடுத்த ஊட்டப் பூட்டிப் போட்டாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள இவங்களை முடிச்சுப்போடுவாங்களாம். நாங்க எங்கீங்க போறது? பேரைப் போட்டவங்க நீங்கதானுங்களே, நீங்கதான் காப்பாத்தோணும்.”

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் அவனை அடையாளம் கண்டுகொண்டது. அவன் கையால் ஒரு தடவையாவது அடிவாங்காதவர் அங்கே குறைவு. ஒரு செருப்பு வந்தது. பிறகு கல் வந்தது. பிறகு ஆட்களே வந்தார்கள். சம்சாரத்தைத் தள்ளிவிட்டு அவனை மண்ணில் போட்டு மிதித்தார்கள். நல்ல மனிதர்கள், வீட்டில் கோழி அறுக்கக்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், முழங்காலை மடக்கி மடக்கி அவன் விலாவில் இடித்தார்கள். ‘உடுங்கப்பா, உடுங்கப்பா’ என்று தலைவர் ஒற்றைக் கையை ஆட்டினார். நான் தடுக்கத்தான் போனேன். யாருடைய முழங்கையோ மூக்கில் பட்டது. அத்துடன் என் வீரம் உட்கார்ந்துவிட்டது.

“அடிக்காதீங்க!”

அக்காவின் குரல். ரீலிங் சத்தத்தில் பத்து வருஷம் கத்திப் பழகிய தொண்டை.

“அடிக்காதீங்க! செத்துப் போனான்னா யாருகிட்டக் கேக்கறது? தூக்கி உக்கார வெய்யுங்க அவனை!”

கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் அவனைத் தூக்கி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். துணி மறுபடி சிவந்துகொண்டிருந்தது.

“என்ற தங்கச்சிய ஒதைச்சயா, இல்லையா?”

அவன் வாய் இருந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ‘ஆமான்னுதான் சொல்றான்’ என்றார் ஒருவர். ‘இல்லைங்கறானப்பா’ என்றார் இன்னொருவர். ‘வலியில முனகறான்’ என்று மூன்றாமவர். தலையை ஆட்டச் சொன்னார்கள். கட்டுக்குள் கழுத்து அசையவில்லை. அக்கா மறுபடி கேட்டாள். அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். செய்ததற்குக் கும்பிட்டானா, அடிக்காதீர்கள் என்று கும்பிட்டானா, யாருக்கும் தெரியவில்லை.

“கும்புடறது பதிலாகாது. சொல்லு.”

மறுபடியும் கும்பிட்டான்.

அக்கா மேடையை விட்டு இறங்கினாள். அவனை அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் விலகி வழி விட்டார்கள். அவள் அவனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். அவள் விட்ட அறையில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சோடு சேர்ந்து சாய்ந்தேன்.

“என்னை உசுரோட வெய்யின்னுதான சொன்னேன்? அவன் வாய ஒடைக்கச் சொன்னனா?” என்றாள். “நாப்பது பேரு பாத்தும் சொல்லல. சொல்றதுக்கு இருந்தது அந்த ஒரு வாயிதான். அதையும் தமாசு பண்ணித் தொலைச்சுப்போட்டயே!”

நான் எழுந்து பெஞ்சை நிமிர்த்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா திரும்பப் போய் மேடையேறினாள். இப்போது அவனிடம் எதுவும் கேட்கவில்லை. தங்கை கண்ணசந்த நேரத்திலிருந்து எட்டாம் நாள் வரைக்கும் நடந்ததை ஆரம்பித்துச் சொன்னாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்றிருந்த ரீலிங் பெண்களில் ஒருத்தி, ‘நான் பாத்தேன்’ என்று கையைத் தூக்கினாள். அப்புறம் இன்னொரு கை. எண்ணிப் பார்த்தேன், ஆறு வரை வந்தது.

மற்றதெல்லாம் எனக்குக் கண்ணால் பார்த்த கதைதான். அறை இடது காதில் விழுந்திருந்தது. உள்ளே பாய்லர் போல ஒரே இரைச்சல். வாரக்கணக்காக ஏற்பாடு செய்து, வண்டி பூட்டி, மேளம் அடித்து ஊரைக் கூட்டிய பேச்சில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்றவரைத் தொட்டு, “என்னங்க சொல்றாங்க?” என்று கேட்டேன்.

அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.