என் காதுக்கு எட்டாத மேல் ஒலி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் எனக்குப் பதினோரு வருஷம். இரும்புத் தகட்டின் மேல் அச்சு வந்து இடிக்கிற சத்தம் ஷிப்ட் முழுக்க ஓயாது. காதில் செருக இயர் பிளக் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காமல் போகுமே என்று பாதி நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன்.

வேலை விட்டு வந்தால் எனக்கு ஒரு சின்தசைசர் இருந்தது, மின்சாரத்தில் விதவிதமாக ஒலி எழுப்பும் கீபோர்டு. மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்தது, என்னைவிட வயதில் மூத்தது. சூடேறும்வரை சுருதி நிற்காது. அதில் ஒரு குமிழைத் திருகினால், கம்பளிக்குள்ளிருந்து முனகுவது போன்ற ஒலி மெல்லத் திறந்துகொண்டு பளபளவென்று வெளியே வரும். அந்தத் திறப்புக்காகவே நான் இசை செய்தேன். லேப்டாப்பில் மென்பொருளாகப் புது சின்தசைசர்கள் எத்தனையோ இருந்தன. அவற்றில் சுருதி இம்மி பிசகாது. இரண்டையும் கலந்து, மண்ணூரில் எங்கள் வாடகை வீட்டில், பாட்டில்லாத இசைத் துண்டுகள் செய்வேன்.

முதலில் கேட்பவள் என் மனைவி. செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்பவள். இசை படித்ததில்லை. ஆனால் எந்த இடம் சரியில்லை என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு மாதம் உழைத்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷத்தில் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாய்யா இது, ஊசி வெச்சு குத்துற மாதிரி கீது?"

"எது குத்துது?"

"அதான், அந்த கீச்சு கீச்சுனு வர்றது."

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. "லைன்ல நின்னு நின்னு உனக்குத்தான் தலவலி" என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

கோபத்தோடு லேப்டாப்பில் ஒலியின் வரைபடத்தைத் திறந்தேன். இடப்பக்கம் கனத்த கீழ் ஒலி, வலப்பக்கம் கீச்சென்ற மேல் ஒலி. வலது ஓரத்தில் மலைபோல ஒரு கோடு உயர்ந்து நின்றது. ஏற்றியது நான்தான். இசை மந்தமாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் தனியே ஓடவிட்டேன். அறை அமைதியாக இருந்தது.

சமையலறையிலிருந்து அவள் கத்தினாள். "அய்யோ, அத்த நிறுத்துய்யா!"

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் அங்கிருந்த பெண். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது என்று கையைக் காட்டினேன். இல்லை என்று அவர் தலையசைத்தார். வெளியே நின்ற என் மனைவி அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போனது திரும்பாதுங்க" என்றார் டாக்டர். "இருக்கறதையாவது காப்பாத்திக்கங்க. அந்த பிரஸ் சத்தத்துல இனிமே வேலை செய்யாதீங்க."

வேறு பிரிவு கேட்டேன். "எங்கயும் எடம் இல்ல, பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "நீ திருப்பு. நான் கேட்டுச் சொல்றேன்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். குமிழை மெல்லத் திருகினேன்.

"இன்னும்… இன்னும்… ஆங், இப்ப தொறந்துகினு வருது. போதும்."

எனக்கு எதுவும் திறக்கவில்லை.

"எப்படி கீது?"

"நல்லா கீதுய்யா."

"நல்லான்னா எப்படி? சொல்லு."

அவள் வார்த்தை தேடினாள். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் சுவிட்சை அணைத்தேன்.

அதோடு இசை செய்வதை விட்டுவிட்டேன். லீவு நாட்களில் செய்ய ஒன்றுமில்லாமல் படுத்துக் கிடக்கிறேன். அவள் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். பாதிக்குப் பதில் சொல்கிறேன். காதில் விழாத மீதியைத் திரும்பச் சொல்லச் சொல்லி அவளைக் கேட்பதில்லை.